தினமும் ஸ்ட்ரெய்ட்னர் பிடிக்கிற முடியைச் சூட்டிலிருந்து எப்படிக் காப்பாற்றுவது?

குளச்சல் பக்கத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் கல்லூரி போகிற ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறாள். சுருட்டை முடி, இடுப்பு வரை நீளம். காலையில் தலைக்குக் குளித்ததும் ஸ்ட்ரெய்ட்னரை 210 டிகிரியில் வைத்து இழுக்கிறாள். கல்லூரி வாசலில் இறங்குவதற்குள் பாதி முடி பொங்கிவிடுகிறது. நுனியெல்லாம் வெடிப்பு, சீப்பில் துண்டு துண்டாக வருகிறது. அம்மா, வெளிச்செண்ணெய் (தேங்காய் எண்ணெய்) தேய்த்துவிட்டு இழு, ஒன்றும் ஆகாது என்கிறார். தோழிகள் ஒரு ஸ்ப்ரே வாங்கச் சொல்கிறார்கள். டிசம்பரில் அக்காவுக்குக் கல்யாணம் வேறு. எந்த ஸ்ப்ரே நல்லது, அக்கா?

அக்கா என்று கேட்டுவிட்டாய், நானும் நீ என்றே எழுதுகிறேன். தக்கலையில் பார்லர் வைத்திருக்கிறேன். உன் கேள்வியோடு மாதம் முழுக்க யாராவது வந்துகொண்டே இருப்பார்கள்.

ஸ்ப்ரே வாங்கு, தப்பில்லை. ஆனால் உன் முடி கெட்டது ஸ்ப்ரே இல்லாததால் அல்ல. ஈரம் முழுசாகப் போகாத முடியில் 210 டிகிரி, அதுவும் தினமும், அதுவும் பஸ் ஏறி அரைமணி நேரத்தில் நம்ம ஊர்க் காற்று கலைத்துவிடப்போகிற ஒரு வேலைக்காக. இதை அப்படியே வைத்துக்கொண்டு எந்த பாட்டிலை வாங்கினாலும் காசுதான் போகும்.

முடி ஏன் நேராகிறது, ஏன் மறுபடி சுருள்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் உனக்கே புரியும். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளை இரண்டு விதமான பிணைப்புகள் முக்கியமாகப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒன்று கந்தகப் பிணைப்பு. பலமானது. உன் சுருளைப் பூட்டி வைத்திருப்பது அதுதான். ரீபாண்டிங் மருந்து மாதிரி ரசாயனம் போட்டால்தான் அது விடும். இன்னொன்று ஹைட்ரஜன் பிணைப்பு. அது பலவீனமானது, ஆனால் எண்ணிக்கையில் ஏராளம். தண்ணீர் பட்டாலும் விடும், சூடு பட்டாலும் விடும். காய்ந்ததும், ஆறியதும், அப்போது முடி எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே மறுபடி சேர்ந்துகொள்ளும். ஸ்ட்ரெய்ட்னர் செய்வது இந்த இரண்டாவது பிணைப்பை மட்டும் கலைத்து நேராகச் சேர்ப்பது. அதனால்தான் தலைக்குக் குளித்தால் பழைய சுருள் திரும்பி வருகிறது.

குளிக்கத்தான் வேண்டும் என்றில்லை. காற்றில் இருக்கிற ஈரமே போதும். நம்ம மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மழை இல்லாத நாளிலும் கடல் கிட்டத்திலேயே இருக்கிறது. குளச்சல், முட்டம் பக்கம் காலையில் வெளியே வந்து நின்றாலே முகம் பிசுபிசுக்கும். அந்தக் காற்றில் உப்பும் இருக்கிறது. முடியில் படிகிற உப்பு இன்னும் ஈரத்தை இழுத்து வைக்கும். பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கிற பெண் வீடியோ போட்டு, மூன்று நாள் நிற்கும் என்று சொல்வது அவள் ஊருக்கு உண்மையாக இருக்கலாம். உனக்கு அது பொருந்தாது.

இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். நிற்கவில்லை என்றதும் சூட்டைக் கூட்டுகிறார்கள். 180 போதவில்லை, 200. அதுவும் போதவில்லை, 210. ஆனால் பிணைப்பு விடுவதற்குத் தேவையான சூடு கிடைத்த பிறகு அதற்கு மேல் கூட்டுகிற ஒவ்வொரு டிகிரியும் முடியை நேராக நிறுத்தி வைக்க உதவாது. காற்றின் ஈரம் 170-இல் இழுத்த முடியையும் கலைக்கும், 210-இல் இழுத்ததையும் கலைக்கும். ஒருவேளை குளித்த பிறகும் சில கற்றைகள் சுருளாமல் தொங்கிக்கொண்டு இருந்தால் அதை வெற்றி என்று நினைக்காதே. உள்ளே புரதம் வெந்துபோய், சுருளுகிற சக்தியே போய்விட்டது என்று அர்த்தம்.

சரி, ஈரத்துக்கு வருகிறேன். உன் கேள்வியில் என்னைப் பயமுறுத்தியது 210 கூட இல்லை. “குளித்ததும்” என்ற சொல்தான். நன்றாக உலர்ந்த முடியின் கெரட்டின் உள்ளமைப்பு குலைய ஏறக்குறைய 230 டிகிரி வேண்டும். அதே முடி தண்ணீரில் ஊறியிருந்தால் 150 டிகிரி சுற்றிலேயே குலைந்துவிடும். அதோடு, உள்ளே இருக்கிற தண்ணீர் சட்டென்று ஆவியாகிறது. காய்ந்த எண்ணெயில் ஈர மீனைப் போட்டால் எப்படித் தெறிக்கும், அதுதான் முடிக்குள்ளேயும் நடக்கிறது. வெளியேற வழியில்லாத ஆவி முடித்தண்டுக்குள் குமிழ் குமிழாக உப்பி நிற்கும். தோல் மருத்துவர்கள் இதைக் குமிழ் முடி என்றே சொல்வார்கள். ஈர முடியில் 125 டிகிரி இடுக்கியை ஒரு நிமிடம் பிடித்தாலே குமிழ் வந்துவிடுகிறது. அப்படிக் குமிழ் வந்த இடத்தில்தான் முடி பட்டென்று ஒடியும். உன் சீப்பில் வருகிற துண்டுகளில் பாதி இந்த வகையாக இருக்கும் என்றுதான் என் எண்ணம்.

இழுக்கும்போது “சுர்” என்று சத்தம் வந்தால், அல்லது வெள்ளையாக ஆவி கிளம்பினால், அந்த இடத்திலேயே நிறுத்து. உன் முடி இன்னும் காயவில்லை. கோழி இறகைத் தீயில் காட்டினால் வருமே ஒரு நாற்றம், அது வந்தால் அதைவிட மோசம். முடியும் இறகும் கந்தகம் உள்ள கெரட்டின்தான். நாற்றம் வருகிறது என்றால் கருகுகிறது.

அதனால் முதல் மாற்றம் இது. காலையில் குளித்து உடனே இழுக்கிற பழக்கத்தை விடு. முந்தின நாள் சாயங்காலம் தலைக்குக் குளி. மெல்லிய துவர்த்தால், அதாவது துண்டால், ஒற்றி எடு, முறுக்கிப் பிழியாதே, உரசாதே. ஈர முடியின் செதில்கள் கொஞ்சம் தூக்கி நிற்கும், உரசினால் அடுக்கடுக்காகப் பிய்யும். ஃபேனுக்குக் கீழே விரித்துவிட்டு ஓரளவு காய்ந்த பிறகு பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடு. மழைக்காலத்தில் இரவு முழுக்க விட்டாலும் அடி முடி காயாது என்பது எனக்கும் தெரியும். அப்போது டிரையர் போடலாம். டிரையர் என்றாலே கெடுதல் என்று ஒரு பேச்சு இருக்கிறது, அது முழுசாகச் சரியில்லை. 2011-இல் கொரியாவில் வெளியான ஓர் ஆய்வில், டிரையரின் சூடு கூடக்கூட முடியின் மேல்செதில் கெட்டது. ஆனால் டிரையரே இல்லாமல் நெடுநேரம் ஈரமாகவே காயவிட்ட முடியில் உள்ளே செல்களை ஒட்டி வைத்திருக்கிற பொருள் பாதிக்கப்பட்டிருந்தது. 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே காயவைப்பதுதான் நல்லது என்று அவர்கள் முடித்தார்கள். ஒரு சாண் தூரத்துக்குக் கொஞ்சம் குறைவாக என்று வைத்துக்கொள். நடுத்தரச் சூடு போதும்.

இப்போது டிகிரி. உன் முடி அடர்த்தியான சுருட்டை, சாயம் போட்டதில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். 150-இல் தொடங்கு. பின்னங்கழுத்துப் பக்கம் உள்ளே இருக்கிற ஒரு சின்னக் கற்றையை எடுத்து ஒரே இழுப்பு. நேராகிவிட்டால் அதுதான் உன் சூடு. ஆகவில்லையா, பத்துப் பத்தாக ஏற்று. பெரும்பாலான நம்ம ஊர் முடிக்கு 160, 170 போதும். மிகத் தடிமனான முடிக்கு 180. அதற்கு மேல் நான் பார்லரில் சாதாரண ஸ்ட்ரெய்ட்டனிங்குக்குப் போவதே இல்லை. மெலிந்த முடி, சாயம் போட்ட முடி, ஏற்கெனவே ரீபாண்டிங் செய்த முடி என்றால் 130-லிருந்து 150-க்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். 230 வரை புரதம் குலையாது என்றால் 210 பத்திரம்தானே என்று கணக்குப் போடாதே. ஒரேயடியாக வெந்துபோவதற்கு முன்னாலேயே, தினமும் படுகிற சூட்டில் சில அமினோ அமிலங்கள் சிதையும், மேல்செதிலில் விரிசல் விழும். அது கண்ணுக்குத் தெரிய நாளாகும், அவ்வளவுதான்.

சூட்டைக் குறைக்கவே முடியாத, ஒரே ஸ்விட்ச் மட்டும் இருக்கிற மெஷின் சந்தையில் நிறைய இருக்கிறது. அதை வாங்காதே, இருந்தாலும் பயன்படுத்தாதே. எண் காட்டுகிற மெஷின் வேண்டும். தகடு செராமிக்கா டைட்டானியமா என்று கேட்பார்கள். செராமிக் சீராகச் சூடாகும், வீட்டில் தானே இழுத்துக்கொள்கிறவர்களுக்கு அது போதும். டைட்டானியம் சட்டென்று சூடேறும், கை வேகம் பழகியவர்களுக்குத்தான் சரிப்படும். எதுவானாலும் மேல்பூச்சு உரிந்துவிட்டால் தூக்கிப் போடு. உரிந்த இடம் முடியைக் கவ்வி இழுக்கும், சூடும் அங்கே கூடிக்குறையும்.

அம்மா சொல்கிற வெளிச்செண்ணெய் விஷயத்துக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். அம்மாவோடு சண்டை போடாதே, அவர் சொன்ன பொருள் சரி, சொன்ன நேரம்தான் தப்பு.

தேங்காய் எண்ணெய்க்கு மற்ற எண்ணெய்களுக்கு இல்லாத ஒரு குணம் உண்டு. அதில் பெரும்பங்காக இருக்கிற லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சின்னது, நேரானது. அதனால் முடித்தண்டுக்குள்ளேயே இறங்கும். இந்திய ஆய்வாளர்கள் 2003-இல் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முடி கழுவும்போது புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். கெட்டுப்போன முடியிலும் குறைத்தது. உள்ளே எண்ணெய் இருப்பதால் தண்ணீர் அளவுக்கு மீறிப் புகுந்து முடி உப்பிச் சுருங்குவதும் குறைகிறது. அதனால் ஸ்ட்ரெய்ட்னர் பிடிக்கிறவர்களுக்கு எண்ணெய் அவசியம் வேண்டும், ஆனால் தலைக்குக் குளிப்பதற்கு முன்னால். முந்தின நாள் இரவோ, குறைந்தது குளிப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னாலோ, உச்சந்தலையைவிட முடியின் நடுவிலும் நுனியிலும் நன்றாகத் தடவி வை. அப்புறம் ஷாம்பூ போட்டு அலசு. மில்லில் ஆட்டின சாதாரண எண்ணெயே போதும். தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கிற உருக்கெண்ணெயை விலைக்கு வாங்கி முடிக்கு ஊற்ற வேண்டியதில்லை, அது குழந்தைகளுக்கு இருக்கட்டும்.

ஆனால் எண்ணெய் தடவின முடியில் அப்படியே சூட்டுத் தகட்டை வைப்பது வேறு கதை. சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் 175 டிகிரி சுற்றிலேயே புகைய ஆரம்பிக்கும். நீ வைப்பது 210. எண்ணெய் புகைந்து, தகட்டில் மஞ்சளாகக் கருகிப் படிந்து, அடுத்த கற்றை அதில் ஒட்டி இழுபடும். முடியும் கனத்து, ஒரு இழுப்பில் நேராகாமல், நீ இரண்டாவது மூன்றாவது தடவை இழுப்பாய். பாதுகாப்புக்காகப் போட்ட எண்ணெயே கூடுதல் சூட்டுக்குக் காரணமாகிவிடும். காலையில் தண்ணியும் எண்ணெயுமாகத் தலை வாரிப் பின்னிக்கொண்டு போன நம்ம அம்மாமார் முடி ஏன் நன்றாக இருந்தது என்று கேட்டால், அந்தப் பழக்கம் பின்னலுக்கு ஏற்றது. அவர்கள் யாரும் அதன் மேல் 200 டிகிரி இரும்பை வைக்கவில்லை.

செம்பருத்தி இலையைக் கசக்கித் தாளியாகத் தலைக்குத் தேய்க்கிற வீடு என்றால் அதை விட வேண்டாம், முடி வழுவழுப்பாகச் சிக்கில்லாமல் இருக்கும். இலைத் துணுக்கு மட்டும் ஒன்றுகூட மிஞ்சாமல் அலசு. தகட்டுக்கு நடுவில் மாட்டினால் அது அங்கேயே கருகும்.

குளிக்கிற தண்ணீரும் பார். கடலோரம் பல போர் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருக்கும். சோப்பு நுரைக்கவில்லை, பக்கெட்டில் வெள்ளைப் படலம் படிகிறது என்றால் அந்தச் சுண்ணாம்பு முடியிலும் படிகிறது. கடைசி அலசுக்கு மட்டுமாவது குழாயில் வருகிற நல்ல தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஒரு பக்கெட் எடுத்து வை. ஷாம்பூவுக்குப் பிறகு கண்டிஷனர் கட்டாயம், நடுவிலிருந்து நுனி வரை.

இனி நீ கேட்ட ஸ்ப்ரே. ஹீட் ப்ரொடெக்டன்ட் என்று விற்பதில் வேலை செய்வது பெரும்பாலும் சிலிகோன்தான். பின்பக்கம் பொடி எழுத்தில் டைமெதிகோன், அமோடைமெதிகோன், சைக்ளோபென்டாசிலாக்சேன் என்று ஏதாவது இருக்கும். சிலதில் கோதுமைப் புரதமும் இருக்கும். இவை முடியின் மேல் மெல்லிய படலமாக உட்கார்ந்து, சூடு உள்ளே பாய்கிற வேகத்தைக் குறைக்கும், தகடு வழுக்கிப் போகவும் உதவும். சிலிகோன் என்றதும் ஏதோ விஷம் மாதிரி ஒரு பயம் பரப்பப்படுகிறது. முடி விஷயத்தில் நான் அதை நம்புகிறவள் இல்லை. நம்ம ஊருக்கு அதனால் இன்னொரு லாபமும் இருக்கிறது, அந்தப் படலம் காற்றின் ஈரம் உள்ளே புகுவதையும் தாமதப்படுத்தும். முடி சீக்கிரம் பொங்காவிட்டால் நீ மறுபடி இழுக்க மாட்டாய். ஸ்ப்ரேயின் உண்மையான பாதுகாப்பு பாதி அதில்தான் இருக்கிறது.

பாட்டில் மேல் 230 டிகிரி வரை பாதுகாப்பு என்று போட்டிருப்பான். அதைப் பார்த்து 230 வைக்கலாம் என்று நினைத்துவிடாதே. எந்த ஸ்ப்ரேயும் சேதத்தைக் குறைக்கும், நிறுத்தாது. இன்னொன்று, லேபிளில் முதல் சில பொருள்களிலேயே கிளிசரின் இருந்தால் நம்ம ஊர் மழைக்காலத்துக்கு வேண்டாம். கிளிசரின் காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும், முடி உப்பும்.

ஸ்ப்ரேயைப் பாதி காய்ந்த முடியில் அடித்துச் சீப்பால் பரப்பி, பிறகு முழுசாகக் காயவிடுவது நல்லது. பலர் காய்ந்த முடியில் புஸ் புஸ் என்று அடித்து, அந்த ஈரம் போகும் முன்னே தகட்டை வைக்கிறார்கள். பாதுகாப்புப் போட்டு, அந்தப் பாதுகாப்பின் ஈரத்தையே கொதிக்கவைத்தால் என்ன பயன்? அவசரமென்றால் ஸ்ப்ரேக்குப் பதில் தண்ணீர் கலக்காத சீரம் ஒரு பட்டாணி அளவு உள்ளங்கையில் தேய்த்துத் தடவு. உன் நீளத்துக்கு இரண்டு பட்டாணி. சிலிகோன் அடுக்கடுக்காகப் படியும், அதனால் மாதத்துக்கு ஒரு தடவை ஆழமாகச் சுத்தம் செய்கிற ஷாம்பூ போடு.

இழுக்கிற முறையில் ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை, அவசரப்படாதே என்பதைத் தவிர. இரண்டு விரல் அகலக் கற்றை, அதுவும் மெல்லியதாக. தடியாக எடுத்தால் வெளிப்பக்கம் வெந்து உள்பக்கம் சுருளாகவே இருக்கும், மறுபடி மறுபடி இழுக்க வேண்டியிருக்கும். முதலில் சீப்பால் சிக்கு நீக்கி, வேரிலிருந்து ஒரு விரல் தள்ளித் தொடங்கி, எங்கும் நிறுத்தாமல் ஒரே சீராக நுனி வரை. நடுவில் நின்றால் அந்த இடத்தில் மடிப்பு விழும், அங்கேதான் பின்னால் ஒடியும். இரண்டாவது இழுப்பு வேண்டுமென்றால் சரி, மூன்றாவது வேண்டாம். நுனிக்கு வந்ததும் வேகமாக விட்டுவிடு. முடி மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அப்படியென்றால் உன் இடுப்புவரை முடியின் நுனிக்கு ஐந்தாறு வயது ஆகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்து வெயிலும் உப்புக்காற்றும் சீப்பும் எல்லாம் பட்டுத் தேய்ந்த முடி அது. வேர்ப்பக்கத்து முடி தாங்குகிற சூட்டை அது தாங்காது. இழுத்து முடித்த முடியை நன்றாக ஆறவிட்டுப் பிறகு சீவு, கட்டு. ஆறும்போதுதான் அந்த ஹைட்ரஜன் பிணைப்பு சேர்கிறது, சூடாக இருக்கும்போதே ரப்பர் பேண்ட் போட்டால் அந்த வடிவம்தான் நிற்கும். ஹேர் ஸ்ப்ரே அடித்த முடியின் மேல் ஒருபோதும் இழுக்காதே.

தினமும் என்பதை வாரத்துக்கு ஒன்று என்று ஆக்கு. கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் கணக்குப் பார், தினம் 210 என்பதை விட்டு வாரம் ஒரு நாள் 170 என்று வந்தால், எந்த ஸ்ப்ரேயும் தராத பாதுகாப்பு அதில் கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இழுத்தால், இரவில் தளர்வாக ஒரு பெரிய பின்னல் போட்டோ, தலையைச் சுற்றி முடியைப் படியவைத்து வழுவழுப்பான துணி கட்டியோ படு. திங்கள் காலை பஸ்ஸில் போகும்போது ஷால் போட்டு மூடு, அல்லது கொண்டையாகச் சுற்றி க்ளிப் போட்டுக்கொண்டு போய், கல்லூரியில் இறங்கி அவிழ்த்துவிடு. செவ்வாய், புதன் முகத்தை ஒட்டின முன்முடி மட்டும் பொங்கினால் அந்தக் கொஞ்சத்தை மட்டும் 150-இல் ஒரு இழுப்பு. மற்ற நாள் பின்னல், போனி டெயில். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் காற்று அடிக்கிற காலத்திலும், ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் ஸ்ட்ரெய்ட்னரை அலமாரியில் வை. அந்த மாதங்களில் நானே வாடிக்கையாளரிடம் காசு வாங்கிக்கொண்டு இழுத்துவிடத் தயங்குவேன். வாசலைத் தாண்டும்போதே போய்விடும் என்று தெரிந்து எப்படி வாங்குவது?

அக்கா கல்யாணத்துக்கு வருவோம். சர்ச் கல்யாணமோ மண்டபத்துக் கல்யாணமோ, முதலில் யோசிக்க வேண்டியது முடியை விரித்துவிடப் போகிறாயா என்பதுதான். ஜடையோ கொண்டையோ போட்டுப் பூ வைக்கப் போகிறாய் என்றால் முழுத்தலையையும் இழுப்பது வீண். உன் சுருட்டையே கொண்டைக்கு நல்ல பிடிப்பு தரும், வழுவழுப்பான நேர் முடியில்தான் பின் நிற்காது. முன்பக்கம் மட்டும் படிய இழுத்தால் போதும். பூ வைப்பதில் ஒன்றைக் கவனி. தோவாளையிலிருந்து வருகிற மல்லியும் பிச்சியும் வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துத்தான் வரும். அந்தச் சரத்தை அப்படியே நேராக்கின முடியில் வைத்தால், தொட்ட இடமெல்லாம் பத்தே நிமிடத்தில் சுருளும். பூவை ஒரு துணியில் பரப்பி நன்றாக ஈரம் ஒற்றிவிட்டு வை. சாயங்கால வரவேற்புக்கு விரித்துவிட ஆசை என்றால் அன்று ஒரு நாள் இழுத்துக்கொள், ஒரு நாளில் முடி கெடாது. காலையில் இழுத்ததன் மேலேயே சாயங்காலம் மறுபடி முழுத்தலையும் இழுப்பதுதான் கூடாது.

கல்யாணத்தைச் சாக்கிட்டு, தினம் இழுக்கிற தொல்லையே வேண்டாம், கெரட்டின் ட்ரீட்மென்ட் செய்துவிடலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். எனக்கு அதில் வருமானம் உண்டு, ஆனாலும் சொல்கிறேன். அதில் சில மருந்துகளில் ஃபார்மால்டிஹைடு இருக்கும், அல்லது சூடு பட்டதும் அது வெளியாகும். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-இலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அதை வகைப்படுத்திவிட்டது. அது இல்லை என்று விற்கிற பலவற்றில் கிளைஆக்ஸிலிக் அமிலம் இருக்கிறது. அது உச்சந்தலை வழியாக உடம்பில் ஏறிச் சிறுநீரகத்தைப் பாதித்ததாக மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது, 2024-இல் வந்த ஒன்று பரவலாகப் பேசப்பட்டது. மருந்து தடவும்போதோ இழுக்கும்போதோ கண் எரிந்தால், மூக்கு குத்தினால், எழுந்து வந்துவிடு. கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போக வேண்டாம். ரீபாண்டிங் இன்னொரு வகை, அது கந்தகப் பிணைப்பையே உடைத்து மாற்றுவது. நல்ல முடியில் கவனமாகச் செய்தால் நிற்கும். உன் முடி இப்போது இருக்கிற நிலையில் யாராவது செய்து தருகிறேன் என்றால் அந்தப் பார்லரில் உட்காராதே. சூட்டில் வெந்த முடியில் அந்த மருந்து பட்டால் கையோடு வரும்.

கெட்டுப்போன நுனிக்கு என்ன செய்வது என்றால், வெட்ட வேண்டும். முடி உயிரில்லாதது, வெடித்ததை ஒட்டவைக்க எந்த மாஸ்க்காலும் முடியாது. கண்டிஷனரும் சீரமும் வெடிப்பை ஒரு குளியல் வரை மறைக்கும், அவ்வளவே. வெட்டாமல் வைத்தால் வெடிப்பு மேலே ஏறும். ஒரு கற்றையை வெளிச்சத்தில் பிடித்துப் பார், நடுவில் வெள்ளைப் புள்ளி புள்ளியாக இருக்கிறதா? அந்தப் புள்ளியில்தான் ஒடியப்போகிறது. கீழே இருக்கிற புள்ளிகளுக்கு மேலே வரை வெட்டிவிட்டால் நல்லது. உன் விஷயத்தில் நான்கு விரல் போகும் என்று நினைக்கிறேன். இப்போதே வெட்டினால் டிசம்பருக்குள் கொஞ்சம் ஈடு கட்டிவிடும்.

சீப்பில் வருகிற முடியையும் ஒரு தடவை உற்றுப் பார்த்துவிடு. குட்டைத் துண்டாக, இரண்டு முனையும் வெறுமையாக இருந்தால் அது சூட்டில் ஒடிந்தது. மேலே எழுதினதைச் செய்தால் குறையும். முழு நீளமாக, ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழோடு வந்தால் அது வேரிலிருந்து உதிர்வது. அதுவும் கொஞ்சம் இருக்கும், எல்லாருக்கும் உண்டு. கொத்துக் கொத்தாக வந்தாலோ வகிடு அகலமாகிக்கொண்டே போனாலோ அதற்கும் ஸ்ட்ரெய்ட்னருக்கும் சம்பந்தமில்லை. இரும்புச்சத்து, தைராய்டு என்று பார்க்க வேண்டியிருக்கும். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் தோல் பிரிவுக்குக் காலையிலேயே போய் சீட்டு எடுத்துக் காட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ.